அயர்லாந்து ஊர்க் கிளப்புகள் 100 வருசம் தாண்டியும் நிக்கிறது எப்பிடி? ஜி.ஏ.ஏ. (அயர்லாந்தின்ர சொந்த விளையாட்டுகளை நடத்திற கேலிக் தடகளச் சங்கம்) வரலாறு தெரிஞ்ச ஆக்கள் வாங்கோ

வெள்ளவத்தையான்:

எல்லாருக்கும் வணக்கம். எங்கட அக்கா குடும்பம் அயர்லாந்தில டிப்பரேரி பக்கம் ஒரு சின்ன ஊரில இருக்கினம். அத்தானுக்கு அங்க ஆஸ்பத்திரியில வேலை, மருமகன் ஊர்க் கிளப்பில ஹர்லிங் விளையாடுறான். ஹர்லிங் தெரியாத ஆக்களுக்கு, கையில வளைஞ்ச மரத்தடி, சின்னப் பந்து, பக்கத்துக்கு 15 பேர், பந்து தலைக்கு மேலால பறக்கும், பாக்கவே நெஞ்சு இடிக்கும். அக்கா இந்தமுறை கொழும்பு வரேக்க அந்தக் கிளப் அடிச்ச வரலாற்றுப் புத்தகத்தைக் கொண்டுவந்து தந்தவ. தடிச்ச புத்தகம், 1880களில தொடங்கி ஆர் கப்டன், ஆர் செக்ரட்டரி, ஆற்ற வயலில விளையாடினவை, எந்த வருசம் ரீம் இறக்க ஆள் காணாமல் போச்சு, ஆர் ஆர் கப்பலேறிப் போனவை எண்டு எல்லாம் கிடக்கு. ஊரெண்டு பாத்தா ஒரு சேர்ச், ஒரு பள்ளிக்கூடம், ஒரு கடை, ரெண்டு பப், மிச்சம் எல்லாம் மாடு மேயிற புல்லுத்தரை. அந்தளவு ஊருக்கு இந்தளவு புத்தகம்.

நான் கேக்கிறதுக்குக் காரணம் இருக்கு. வடமராட்சியில எங்கட ஊர் விளையாட்டுக் கழகத்தின்ர வரலாறை எழுதுவம் எண்டு கொழும்பில இருக்கிற பழைய பெடியள் கொஞ்சப் பேர் சேர்ந்து வெளிக்கிட்டிருக்கிறம். கூட்டக் குறிப்புக் கொப்பியள், கணக்குப் புத்தகம், குறூப் போட்டோ எல்லாம் சனம் இடம்பெயரேக்க போயிட்டுது, மிஞ்சினது ரெண்டு மூண்டு கப்பும் வயசான ஆக்களின்ர ஞாபகமும்தான். அந்த ஐரிஷ் புத்தகத்தைப் பாத்தா ஆசையாவும் இருக்கு பொறாமையாவும் இருக்கு.

என்ர கேள்வி இதுதான். இந்தக் கிளப்புகள் உண்மையில எப்பிடித் தொடங்கினது? ஏன் ஒவ்வொண்டும் ஒரு பங்கோட, அதான் சேர்ச் பங்கோட கட்டுப்பட்டு இருக்கு? பஞ்சம், சண்டை, வெளிநாட்டுக்குப் போறது எண்டு எங்கட மாதிரித்தான் அவையும் அடிபட்டவை, அப்பிடியிருந்தும் எப்பிடி உடையாமல் நிண்டது? இவ்வளவு பழைய விவரத்தை எங்கயிருந்து எடுக்கினம் எண்டும் தெரிஞ்சா சொல்லுங்கோ.

இராஜகிரிய சுதன்:

அண்ணை நான் லிமெரிக்கில படிச்சு பேந்து அங்கயே கொஞ்சக் காலம் வேலை செய்திட்டு வந்தவன், என்னோட ஒரே வீட்டில இருந்த பெடியன் தன்ர ஊர்க் கிளப்புக்கு கோலி, அவனோட ஞாயிற்றுக்கிழமையளில மட்ச் பாக்கப் போய்த்தான் எனக்கு இதில பைத்தியம் பிடிச்சது, அதால கொஞ்சம் நீளமா எழுதுறன் குறை நினைக்காதேங்கோ.

ஜி.ஏ.ஏ. எண்ட சங்கம் தொடங்கினது 1884 நவம்பர் 1, உங்கட அக்கா இருக்கிற அதே டிப்பரேரியில தர்லஸ் எண்ட பட்டினத்தில, ஹேய்ஸ் ஹோட்டலில. வந்த ஆக்கள் ஏழு பேர் எண்டுதான் வழமையா சொல்லுவினம். கூட்டினது மைக்கல் கியூசக், கிளெயார் கவுண்டியில (கவுண்டி எண்டா எங்கட மாவட்டம் மாதிரி) பிறந்த வாத்தியார், டப்ளினில அரசாங்க உத்தியோகச் சோதினைக்குப் பெடியளைப் படிப்பிச்சவர். முதல் தலைவர் மொரிஸ் டேவின், அவர் பேர்பெற்ற தடகள வீரர், சம்மட்டி எறியிறதில கெட்டிக்காரன், முதல் விதிகளை எழுதினதும் அவர்தான். ஆதரவாளரா கசல் பேராயர் குரோக், அயர்லாந்துக்குத் தன்னாட்சி கேட்ட அரசியல் தலைவர் பார்னல், விவசாயியளின்ர போராட்டத் தலைவர் மைக்கல் டேவிற் எண்டு மூண்டு பெரிய தலையள் பேர் குடுத்தினம். இப்ப 82,000 பேருக்கு மேல இருக்கக்கூடிய குரோக் பார்க் மைதானம் இருக்கெல்லே, அது இந்தப் பேராயரின்ர பேர்தான்.

ஏன் அந்த நேரம் எண்டு கேட்டா, 1845இல தொடங்கின உருளைக்கிழங்குப் பஞ்சத்தில பத்து இலட்சம் பேர் செத்து, அதேயளவு சனம் கப்பலேறி, ஊரே வெறிச்சுப் போய்க் கிடந்த காலம் அது. பழைய ஹர்லிங் கனக்க இடத்தில செத்துக்கொண்டிருந்தது. ஓட்டம் பாய்ச்சல் போட்டியள் எல்லாம் பெரிய மனுசரின்ர கையில, சில போட்டியில கூலிவேலை செய்யிறவனும் கைத்தொழிலாளியும் இறங்கவே ஏலாது, அதோட ஞாயிறு விளையாட்டு இல்லை. கிழமையில ஆறு நாள் வயலில நிக்கிறவனுக்கு ஞாயிறை விட்டா வேற நாள் எங்க? ஜி.ஏ.ஏ. செய்த முக்கியமான வேலை ஞாயிறில மட்ச் வைச்சதும் எவனும் வந்து விளையாடலாம் எண்டு கதவைத் திறந்து விட்டதும்தான் எண்டு நான் நினைக்கிறன், மற்ற அரசியல் எல்லாம் அதுக்குப் பிறகு.

இன்னொரு விசயம், 1879இல தொடங்கின நிலச் சங்கம், அதான் குத்தகை விவசாயியள் நிலச்சுவான்தாருக்கு எதிரா கூடின இயக்கம், அதுக்கு ஏற்கெனவே பங்குக்குப் பங்கு கிளை இருந்தது. கூட்டம் வைக்க, சந்தா சேர்க்க, குறிப்பு எழுதப் பழகின சனம் ஊரில தயாரா நிண்டுது. அதாலதான் ரெண்டு மூண்டு வருசத்துக்குள்ள நாடு முழுக்கக் கிளப் முளைச்சது. பேரைப் பாத்தாலே விளங்கும், ஒரு பக்கம் புனிதர்களின்ர பேர், மற்றப் பக்கம் எமெற்ஸ், சார்ஸ்பீல்ட்ஸ், வுல்ஃப் ரோன்ஸ், டேவிற்ஸ் எண்டு போராளியளின்ர பேர். எங்கட ஊரில சென். மேரிஸும் பாரதியும் விவேகானந்தாவும் மாதிரித்தான்.

முதல் அகில அயர்லாந்துப் போட்டி 1887ஆம் வருசத்துக்குரியது, ஹர்லிங் பைனல் நடந்தது 1888 ஏப்ரல் 1, பிர் எண்ட பட்டினத்தில. இதை வடிவாக் கவனியுங்கோ, டிப்பரேரிக்காக இறங்கினது தர்லஸ் கிளப், கோல்வேக்காக இறங்கினது மீலிக் கிளப். கவுண்டி ரீம் எண்டு தனியா ஒண்டு அப்ப இல்லை, கவுண்டியில வெண்ட கிளப்தான் கவுண்டி. ஒரு பக்கத்துக்கு 21 பேர், பேந்து 17, 1913இலதான் 15 ஆனது. கோல் எண்டது பந்து குறுக்குத்தடிக்குக் கீழால போறது, பாயிண்ட் எண்டது மேலால போறது, அப்ப ஒரு கோல் அடிச்சா எதிராளி எத்தினை பாயிண்ட் எடுத்தாலும் கோலுக்குத்தான் வெற்றி, 1892இல கோலுக்கு 5 பாயிண்ட் எண்டாக்கி, 1896இல மூண்டாக்கினவை, அந்த மூண்டுதான் இண்டைக்கும்.

கொட்டாஞ்சேனை அந்தோணி:

பங்கு பத்தி நான் சொல்றேன். நம்ம கத்தோலிக்க ஆளுங்களுக்கு இது லேசா விளங்கும். ஒரு பங்குன்னா எல்லை இருக்கு, இந்த ரோட்டுக்கு இந்தப் பக்கம் இந்தக் கோயில், அந்தப் பக்கம் அடுத்த கோயில். ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் எல்லாம் அந்த எல்லைக்குள்ள. அயர்லாந்து கிராமத்துல ஜனங்க ஞாயித்துக்கிழமை பூசைக்கு ஒன்னா வருவாங்க, பூசை முடிஞ்சு கோயில் வாசல்ல நின்னு பேசுவாங்க, அங்கயே டீம் சேரும். அதனால தனியா எல்லை போட வேண்டிய அவசியமே இல்லாமப் போச்சு, இருந்த எல்லைய அப்படியே எடுத்துக்கிட்டாங்க.

அப்புறம் அதை சட்டமாவே ஆக்கிட்டாங்க. அனேகமான கிராமத்து கவுண்டிகள்ல நீங்க எந்தப் பங்குல இருக்கீங்களோ அந்த கிளப்புக்குத்தான் விளையாடணும். பக்கத்து கிளப் நல்லா விளையாடுது, அங்க போனா கப் கிடைக்கும்னு மாற ஏலாது, மாறணும்னா கவுண்டி போர்டுக்கு எழுதி காரணம் காட்டி அனுமதி எடுக்கணும், லேசுல குடுக்க மாட்டாங்க. டப்ளின் சிட்டில இந்த இறுக்கம் கிடையாது, கிராமத்துலதான். சில பங்கு ரெண்டா உடைஞ்சு ரெண்டு கிளப் இருக்கும், அதை அரைப் பங்குன்னு சொல்லுவாங்க, அந்த ரெண்டு அரைக்கும் நடுவுல இருக்கிற போட்டிதான் ரொம்ப மோசமான போட்டி.

என்னைக் கேட்டா கிளப் நிலைச்சு நின்னதுக்கு மூல காரணமே இதுதான். நல்ல பிளேயர காசு குடுத்து வாங்க முடியாது. யாருக்கும் சம்பளமும் இல்ல, இன்னிக்கு வரைக்கும் இல்ல, குரோக் பார்க்ல 80,000 பேருக்கு முன்னாடி பைனல் விளையாடினவரு அந்தக் கிழமையே ஸ்கூல்லயோ பண்ணையிலயோ வேலைக்குப் போவாரு. அதனால கிளப் நல்லா வரணும்னா ஒரே வழி, ஊருல இருக்கிற புள்ளைகளத் தேத்தணும். அஞ்சு ஆறு வயசுலயே மைதானத்துக்குக் கூட்டிட்டு வந்தாகணும். இருக்கிற புள்ளைய வச்சுத்தான் செய்யணும்னு ஆனதும் ஊரே புள்ளைகளப் பாத்துக்குது. கில்கெனியில பலிஹேல் ஷம்ரொக்ஸ்னு 1972ல ஆரம்பிச்ச கிளப், சின்ன கிராமத்து ஆளுங்க, அகில அயர்லாந்து கிளப் ஹர்லிங் கப் ஒன்பது தடவ எடுத்திருக்காங்க, வேற எந்த கிளப்பும் அத்தனை எடுக்கல.

சாமிமாருங்க கதையும் இருக்கு. நிறைய கிளப்புக்கு தலைவர் பங்குச் சாமிதான். ரொம்ப காலத்துக்கு பெரிய பைனல்ல பந்த உள்ள போட்டு ஆரம்பிக்கிறது பிஷப், கேப்டன்மார் முழங்கால்ல நின்னு மோதிரத்துக்கு முத்தம் குடுப்பாங்க. அதே நேரத்துல குருமடத்துல படிக்கிற பையனுங்க, இளம் சாமிங்க கவுண்டிக்கு விளையாட சபை விடல, அதனால வேற பேர் குடுத்து இறங்கினவங்க இருக்காங்க, ஊருக்கே தெரியும், பேப்பர்ல மட்டும் பொய்ப் பேரு வரும். கிளப் வரலாறு எழுதுறவங்களுக்கு இதுல பெரிய தலைவலி!

நம்ம பக்கமும் ஐரிஷ் சாமிங்க வந்து வேலை செஞ்சிருக்காங்க. யாழ்ப்பாணம் சென். பற்றிக்ஸ் காலேஜுல ரெக்டரா இருந்த லோங் சாமி அயர்லாந்துக்காரர்தான், யாழ் நூலகம் எழும்புறதுக்கு ஓடித் திரிஞ்சவர்.

தெஹிவளை தர்ஷினி:

எல்லாரும் பெடியளைப் பற்றியே எழுதுறீங்கள், அதால நான் இதைச் சேர்க்கிறன். பொம்பிளையளுக்கான ஹர்லிங், காமோகி எண்டு பேர், அதுக்குச் சங்கம் 1904இலயே தொடங்கியாச்சு. ஆனா கேலிக் ஃபுட்போலுக்கு (சொக்கர் இல்லை, அயர்லாந்தின்ர சொந்த ஃபுட்போல்) 1974 வரைக்கும் காத்திருக்க வேண்டி வந்தது, அந்தச் சங்கமும் தர்லஸில அதே ஹேய்ஸ் ஹோட்டலிலதான் தொடங்கினது. 45 வருசம் கழிச்சு, 2019இல, அவையின்ர பைனல் பாக்க குரோக் பார்க்குக்கு வந்த சனம் 56,114. யோசிச்சுப் பாருங்கோ.

அந்தப் புத்தகத்தில பொம்பிளையளின்ர பேர் எத்தினையாம் பக்கத்தில வருது எண்டு ஒருக்காப் பாருங்கோ. ஜேர்சி தோய்ச்சது, மட்ச் முடிய சான்விச்சும் தேத்தண்ணியும் குடுத்தது, வீடு வீடாப் போய் கிளப் லொத்தர் ரிக்கற் வித்தது, பெடியளைக் காரில ஏத்தி இறக்கினது ஆர்? அங்க கிராமத்துக் கிளப்புகளுக்கு அந்தக் கிழமை லொத்தர் காசுதான் மைதானத்து லைற்றுக்கும் உடுப்பு மாத்திற அறைக்கும் போறது. உங்கட ஊர்க் கழகத்திலயும் அப்பிடித்தான் இருந்திருக்கும். விளையாட்டுவிழாவுக்கு வீட்டில இருந்து சாப்பாடு கட்டிக் குடுத்த அம்மாமார், வலைப்பந்து ரீமில நிண்டு பேந்து கலியாணம் கட்டி வேற ஊர் போன அக்காமார், அவையிட்டப் போய்க் கேக்காமல் புத்தகம் அடிக்காதேங்கோ. இதை உறுதியாச் சொல்லுறன், ஏனெண்டா பழைய சங்கதி ஞாபகம் வைச்சிருக்கிறது கூடுதலா அவைதான், ஆர் ஆரோட சண்டை பிடிச்சு எந்த வருசம் கழகத்தை விட்டுப் போனவர் எண்டு கேட்டா திகதியோட சொல்லுவினம்.

வெள்ளவத்தையான்:

தர்ஷினி அக்கா நீங்கள் சொன்னதுக்குப் பிறகு எடுத்துப் பாத்தன், காமோகிக்கு ஒரு அத்தியாயம் இருக்கு, ஆனா கடைசிப் பக்கமாத்தான். உங்கட கதையை எங்கட குழுவுக்கு அப்பிடியே அனுப்பிட்டன்.

அந்தோணி அண்ணை, பங்கு எல்லைச் சட்டத்தைப் பற்றிச் சொன்னது எனக்குப் புதுசு, ஆனா இப்பதான் ஒண்டு விளங்குது. எங்கட மருமகன் அங்க போய்ச் சேர்ந்த உடனயே கிளப்பில இருந்து ஒராள் வீட்டுக்கு வந்து பெடியனை அனுப்புங்கோ எண்டு கேட்டவராம். அக்கா நினைச்சவ அது மரியாதைக்குக் கேக்கிறது எண்டு. இப்ப பாத்தா அந்த எல்லைக்குள்ள குடியிருக்கிற பிள்ளை எண்டா அது அவையின்ர பிள்ளை, தோல் நிறம், சமயம், எங்கயிருந்து வந்தது ஒண்டும் கேள்வி இல்லை, வேற கிளப்புக்குப் போகவும் ஏலாது. 12 வயசுக்குக் கீழ ரீம் போட்டோவில அவன்ர பேர் அந்தப் புத்தகத்தில அச்சாகிக் கிடக்கு, அவனுக்கு வைச்ச எங்கட அப்புவின்ர பேர் அங்க ஐரிஷ் எழுத்துக்காரன் தட்டச்சு செய்து கிடக்கு!

இதை எழுதேக்க மனசுக்குள்ள ஒரு முள்ளும் குத்துது. எங்கட ஊரில ஒரு குறிச்சிக்கு ஒரு கழகம், ஏன் அப்பிடிப் பிரிஞ்சது எண்டு எல்லாருக்கும் தெரியும், சாதிதான், ஒருத்தரும் எழுத மாட்டினம். ஒரே எல்லைக்குள்ள இருக்கிற எல்லாரும் ஒரே ரீம் எண்டு ஆரும் சட்டம் போட்டிருந்தா எங்கட ஊர் இப்ப எப்பிடி இருந்திருக்கும்? அங்கயும் இப்பிடிப் பிரிவினை இருந்ததோ, அதை எழுதுறவையோ?

பழைய கோலி:

தம்பி, உங்கட கடைசிக் கேள்விக்காகத்தான் இதை எழுதுறன். நான் ரிட்டயர் ஆனவன், மகள் கோர்க்கில இருக்கிறாள், போய் நிக்கேக்க லைப்ரரியில கிளப் வரலாற்றுப் புத்தகங்கள் ஒரு அலுமாரி நிறைய இருக்கும், மழை நாளில அதுதான் எனக்கு வேலை. 1984 நூற்றாண்டு விழாவை ஒட்டி நாடு முழுக்கக் கனக்கக் கிளப்புகள் எழுதத் தொடங்கினவை, அந்த வருச ஹர்லிங் பைனலைக்கூட குரோக் பார்க்கில வைக்காமல் தொடங்கின இடமெண்டு தர்லஸில வைச்சவை.

நல்ல புத்தகத்துக்கும் வெறும் புகழ்மாலைக்கும் உள்ள வித்தியாசம் சண்டையை எழுதியிருக்கிறதிலதான் தெரியும். சண்டை இல்லாத கிளப் அங்க இல்லை. 1890இல பார்னல் சம்பந்தப்பட்ட விவாகரத்து வழக்கால நாடே ரெண்டாப் பிரிஞ்சது, பேராயர்கள் ஒரு பக்கம், ஜி.ஏ.ஏ. கூடுதலா பார்னல் பக்கம், எத்தினையோ பங்குக் கிளப் அந்த ரெண்டு மூண்டு வருசத்தில இருந்த இடம் தெரியாமல் போச்சு. "1886 தொடக்கம் இடைவிடாமல்" எண்டு மதில்ல எழுதியிருக்கிற கிளப்பின்ர பேர் 1890களின்ர நடுப்பகுதிப் பேப்பரில ஒரு இடத்திலயும் வராது, நேர்மையான ஆக்கள் அதை அப்பிடியே எழுதியிருக்கினம், மற்ற ஆக்கள் மூடி மறைச்சிருக்கினம். மட்ச் தோத்த ரீம் அடுத்த கிழமை கவுண்டி போர்டுக்கு ஆட்சேபணை எழுதி, எதிராளி வெளிப் பங்கு ஆளை இறக்கினவன் எண்டு வழக்காடி கப்பை எடுத்த கதையள் எல்லாக் கவுண்டியிலயும் இருக்கு.

அடுத்தது தடை. வெளிநாட்டு விளையாட்டு, அதான் சொக்கர், றக்பி, ஹொக்கி, கிரிக்கெட் விளையாடினா, ஏன் பாக்கப் போனாலும் ஜி.ஏ.ஏ.யில இருந்து நிப்பாட்டிப் போடுவினம். இருபதாம் நூற்றாண்டு தொடக்கத்தில வந்த சட்டம், 1971இலதான் எடுத்தவை. ஆர் மட்ச் பாக்க வாறான் எண்டு கேற்றில நிண்டு உளவு பாக்க ஒரு குழுவே வைச்சிருந்தவை. 1938இல நாட்டின்ர ஜனாதிபதி டக்ளஸ் ஹைட் அயர்லாந்து-போலந்து சொக்கர் மட்ச்சுக்குப் போனார் எண்டு அவரையே ஜி.ஏ.ஏ. ஆதரவாளர் பட்டியலில இருந்து நீக்கினவை. ஐரிஷ் மொழியைக் காப்பாத்த வாழ்க்கையைக் குடுத்த மனுசன், புரட்டஸ்தாந்துப் போதகரின்ர மகன், அவருக்கே இந்தக் கதி. இதில வேதனை என்னெண்டா அந்தச் சங்கத்தைத் தொடங்கின கியூசக் தானே ஒரு காலத்தில கிரிக்கெட்டும் றக்பியும் விளையாடினவர், இப்ப ஹர்லிங்குக்குத் தலைநகரம் மாதிரி இருக்கிற கில்கெனியில 1890களில ஊருக்கு ஊர் கிரிக்கெட் கிளப் இருந்தது. தடை வந்த பிறகு அந்தக் கிரிக்கெட் கிளப்புகளின்ர கதையை ஊர் வரலாற்றில இருந்தே அழிச்சுப் போட்டினம், இப்ப இருக்கிற ஆக்கள்தான் திரும்பத் தேடி எழுதினம்.

ஆகவே தம்பி, பிரிவினை அங்கயும் இருந்தது, வேற உருவத்தில. உங்கட ஊரில கழகம் ஏன் ரெண்டானது எண்டதை எழுதுங்கோ. ஆரையும் பேர் சொல்லித் திட்டத் தேவையில்லை, எந்த வருசம், எந்தக் கூட்டம், எந்த மைதானத்தில ஆரை விடேல்ல எண்டு உள்ளதை உள்ளபடி எழுதுங்கோ. அது இல்லாத புத்தகத்தை அந்தக் குறிச்சிப் பிள்ளையள் தங்கட புத்தகமாக் கையில எடுக்கமாட்டினம்.

இராஜகிரிய சுதன்:

ஐயா எழுதினதுக்கு மேல நான் சண்டைக் காலத்தையும் வெளிநாட்டுக்குப் போன கதையையும் சேர்க்கிறன், அண்ணை கேட்ட "எப்பிடி உடையாமல் நிண்டது" எண்டதுக்கு அதுதான் மறுமொழி.

1918 கோடையில பிரிட்டிஷ் அரசாங்கம் பொதுக் கூட்டம் எதுக்கும் பெர்மிற் எடுக்கவேணும் எண்டு அறிவிச்சது, மட்ச்சும் அதுக்குள்ள. பெர்மிற் கேக்க மாட்டம் எண்டு ஜி.ஏ.ஏ. முடிவெடுத்து, ஆகஸ்ட் 4 ஞாயிறு பின்னேரம் மூண்டு மணிக்கு நாடு முழுக்க ஒரே நேரத்தில ஊர் ஊரா மட்ச் வைச்சினம், பல்லாயிரம் பேர் இறங்கி விளையாடினவை, அத்தினை இடத்துக்கு அனுப்ப ஆரிட்டப் பொலிஸ் இருக்கு. ஊர்க் கிளப் எண்டதின்ர பலம் என்னெண்டு அண்டைக்குத்தான் தெரிஞ்சது. ரெண்டு வருசம் கழிச்சு 1920 நவம்பர் 21, குரோக் பார்க்கில டப்ளின்-டிப்பரேரி ஃபுட்போல் மட்ச் நடக்கேக்க படையள் உள்ள வந்து சுட்டு 14 பேர் செத்தினம். அதில ஒராள் மைதானத்தில நிண்ட டிப்பரேரி வீரர் மைக்கல் ஹோகன், கிரேஞ்ச்மொக்லர் எண்ட சின்ன ஊர்ப் பெடியன். குரோக் பார்க்கில ஹோகன் ஸ்ராண்ட் எண்டு பாத்திருப்பியள், அவர்தான்.

வடக்கில, அதான் பிரிட்டனோட இருக்கிற வட அயர்லாந்தில, கதை இன்னும் நீளம். தெற்கு ஆர்மாவில குரொஸ்மக்லென் ரேஞ்சர்ஸ், 1887இல தொடங்கின கிளப், 1970களில பிரிட்டிஷ் ஆமி காம்ப் மைதானத்துக்குப் பக்கத்தில வந்து காணியில ஒரு பகுதியையும் எடுத்தது, ஹெலிகொப்ரர் வந்து இறங்கிறது பிட்சுக்குப் பக்கத்தில. பிராக்டிஸ் நிப்பாட்டேல்ல. 1997இல முதல்முறையா அகில அயர்லாந்து கிளப் ஃபுட்போல் கப்பை எடுத்து, பேந்து 1999, 2000, 2007, 2011, 2012 எண்டு மொத்தம் ஆறு. மைதானத்தைச் சுத்திக் காம்பு இருக்க வளர்ந்த எங்களுக்கு இதை வாசிக்கேக்க வாற உணர்ச்சியை நான் எழுதத் தேவையில்லை.

ஆனா கிளப்புகளைக் கூடுதலாக் காயப்படுத்தினது துவக்கு இல்லை, கப்பல். 1950களில மட்டும் நாலு இலட்சம் பேருக்கு மேல வெளிக்கிட்டவை, 1961 கணக்கெடுப்பில குடியரசின்ர மொத்த சனத்தொகை 28 இலட்சம்தான். ஒரு பங்கில 15 பெடியளைச் சேர்க்க ஏலாமல் பக்கத்துப் பங்கோட சேர்ந்து ஒரே ரீமா இறங்கி, ஆக்கள் கூடினதும் திரும்பத் தனியாப் பிரிஞ்ச கிளப்புகள் கனக்க. போன ஆக்கள் லண்டனிலயும் நியூயோர்க்கிலயும் பொஸ்ரனிலயும் கிளப் தொடங்கினவை, ஊருக்குக் காசும் அனுப்பினவை, எங்கட ரொறன்ரோ ஊர்ச் சங்கங்கள் செய்யிற அதே வேலைதான். 1947இல அகில அயர்லாந்து ஃபுட்போல் பைனலையே நியூயோர்க் போலோ கிரவுண்ட்சில வைச்சினம், கேவன் கெரியை வெண்டது, ஊரில சனம் ரேடியோவைச் சுத்தி நிண்டுது. நேர்முக வர்ணனை செய்த மைக்கல் ஓஹெஹிர் ரேடியோ லைன் நேரம் முடியப் போகுது எண்டதும், இன்னும் அஞ்சு நிமிசம் மட்டும் விடுங்கோ எண்டு ஒலிவாங்கியிலயே கெஞ்சினது இண்டைக்கும் அங்க கதைப்பினம்.

இனி விவரம் எங்கயிருந்து எடுக்கிறது எண்டதுக்கு வாறன். அங்க கிளப் ஆக்கள் முதல் பாக்கிறது பழைய உள்ளூர்ப் பேப்பர், அதில மட்ச் முடிவும் ரீம் பட்டியலும் இருக்கும். அந்தப் பேரைக் கொண்டுபோய் 1901, 1911 குடிசனக் கணக்கெடுப்பில தேடுவினம், அது ரெண்டும் அயர்லாந்து தேசிய ஆவணக் காப்பகம் இலவசமா இணையத்தில போட்டிருக்கு, வீட்டு வீடா, ஆளுக்கு வயசென்ன, தொழிலென்ன, வாசிக்க எழுதத் தெரியுமோ எண்டது வரைக்கும். அப்பிடித்தான் முதல் ரீமில விவசாயி மகன் ஆர், கடைச் சிப்பந்தி ஆர், கூலி ஆர் எண்டு பிரிச்சு எழுத முடியுது. கிளப்புகளுக்கு எதிரா உளவு பாத்த பொலிஸின்ர அறிக்கையளும் இப்ப வரலாற்றுக்காரருக்குத்தான் உதவுது. 1937-38இல பள்ளிக்கூடப் பிள்ளையள் வீட்டில கிழவன் கிழவியிட்டக் கேட்டு எழுதின ஊர்க் கதைக் கொப்பியளும் இணையத்தில இருக்கு, எந்த வயலில விளையாடினவை எண்டு அதில கிடைக்கும். 2008இல தொடங்கி ஜி.ஏ.ஏ. வாய்மொழி வரலாற்றுத் திட்டமும் செய்தது.

எங்களுக்கு அந்தளவு இல்லை, ஆனா ஒண்டுமே இல்லை எண்டும் இல்லை. கொழும்பு 7 தேசிய சுவடிகள் திணைக்களத்தில பழைய பேப்பர் கட்டுகள் இருக்கு, வீரகேசரி 1930இல இருந்து வருது, 1959இல தொடங்கின ஈழநாடு வடபகுதிச் செய்திக்கு நல்லது, நூலகம் இணையத்தளத்தில கோயில் மலர், பாடசாலை ஆண்டு மலர் எல்லாம் ஸ்கான் பண்ணிக் கிடக்கு. விளையாட்டுக் கழகத்தின்ர பேர் அனேகமா விளையாட்டுப் பக்கத்தில இல்லை, கோயில் திருவிழா மலரிலயும் மரண அறிவித்தலிலயும்தான் வரும். "கழகத்தின் முன்னாள் செயலாளர்" எண்டு ஒரு வரி மரண அறிவித்தலில இருந்தா அந்தக் குடும்பத்தைத் தேடிப் போங்கோ.

கொட்டாஞ்சேனை அந்தோணி:

உங்க ஊர் கரையோரப் பக்கம்னா பிளேயர்ஸ்ல கத்தோலிக்க ஆளுங்களும் இருந்திருப்பாங்க, வயசு, அப்பா பேரு எல்லாம் ஞானஸ்நான ரெஜிஸ்டர்ல இருக்கும். நேரா போய் நிக்காதீங்க, முதல்ல பங்குச் சாமிக்கு கழகத்து லெட்டர்ஹெட்ல என்ன தேவை, எந்த வருஷம்னு எழுதி அனுப்பிட்டுப் போங்க, அப்பதான் புத்தகத்த எடுத்து வைப்பாங்க.

வெள்ளவத்தையான்:

எல்லாருக்கும் பெரிய நன்றி. இதை எங்கட குழுவில வாசிச்சுக் காட்டினன், சாதிப் பிரிவு அத்தியாயம் எழுதிறதுக்கு ரெண்டு பேர் கடுமையா எதிர்ப்பு, ஆனா மற்றக் குறிச்சிக் கழகத்து மூத்த ஆக்கள் ரெண்டு பேரையும் எழுதுற குழுவிலயே சேர்க்கிறது எண்டு முடிவெடுத்திட்டம், ரெண்டு கழகத்தின்ர கதையும் ஒரே புத்தகமா வரும். சுவடிகள் திணைக்களத்துக்குப் போக ரெண்டு பேர் லீவு போட்டாச்சு. தர்ஷினி அக்கா சொன்னபடி வலைப்பந்து ரீம் அக்காமாரில ஒராளை பம்பலப்பிட்டியில கண்டுபிடிச்சிட்டம், சனிக்கிழமை போறம்.

1960, 70களில வடமராட்சி ஊர்க் கழக மட்ச் சம்பந்தமான பேப்பர் வெட்டு, அழைப்பிதழ், ரீம் போட்டோ ஆரிட்டயும் இருந்தா தயவுசெய்து தனி மடலில சொல்லுங்கோ. நாங்களே வீட்டுக்கு வந்து போனில படமெடுத்திட்டு அந்த இடத்திலயே திருப்பித் தருவம், கொண்டுபோக மாட்டம்.